ஒரு லோடு என்றால் எத்தனை கன அடி? கேளுங்கள்!

“ஒரு லோடு அடிச்சிடலாம் சார். மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்.”

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அடையாறிலோ வீட்டு வேலையில் இறங்கியவர் யாராக இருந்தாலும் இதைக் கேட்டிருப்பார். கேட்டுவிட்டுத் தலையையும் ஆட்டியிருப்பார். வீட்டுக் கடன் வாங்கும்போது அரை சதவிகித வட்டிக்கு வங்கியில் மல்லுக்கட்டிய அதே மனிதர்! தண்ணித்துறை மார்க்கெட்டில் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துப் பேரம் பேசிய அதே அம்மா! பல ஆயிரம் ரூபாய் மணல் என்று வரும்போது மட்டும் வாய் அடைத்துப்போகிறது. ஏன்? “இதெல்லாம் நமக்கு வராது” என்று உள்ளுக்குள் எப்போதோ ஒரு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எழுதியது மேஸ்திரி இல்லை. லாரிக்காரர் இல்லை. நீங்களேதான் எழுதினீர்கள்.

கிழித்துப் போடுங்கள் அந்தத் தீர்ப்பை. இன்றைக்கே.

கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரத்தில், ஆர்க்கிமிடீஸ் ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். மணலுக்குக் கணக்கே கிடையாது, எண்ணி மாளாது என்று ஊரார் பேசிக்கொண்டிருந்த காலம். அவர் கெலோன் மன்னனுக்கு எழுதினார்: கடற்கரை மணல் கிடக்கட்டும், இந்தப் பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்பினால் எத்தனை துகள் பிடிக்கும் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எங்கே தொடங்கினார் தெரியுமா? ஒரு கசகசாவில். ஒரு கசகசா அளவு இடத்தில் பத்தாயிரம் மணல் துகளுக்கு மேல் இராது என்று வைத்துக்கொண்டார். அதிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குப் போனார், அதற்கும் பெரிதான அளவுகளுக்கு ஏறினார், பூமியைத் தாண்டினார், சூரியனைத் தாண்டினார். அவ்வளவு பெரிய எண்ணைச் சொல்ல கிரேக்கர்களிடம் பெயரே இல்லாததால் எண்களுக்குப் பெயர் வைக்கும் முறையையும் தானே உண்டாக்கினார். அவருக்குக் கிடைத்த உச்ச வரம்பு, 1-க்குப் பின்னால் 63 சுழியம்.

அவர் கையில் கால்குலேட்டர் இல்லை. பிரபஞ்சத்தைப் பிடித்து அளக்க டேப்பும் இல்லை. உங்களிடம் இரண்டும் இருக்கின்றன. நீங்கள் அளக்க வேண்டியது பன்னிரண்டுக்குப் பத்து அறை. அதற்கா இந்த நடுக்கம்?

“பின்னம் வந்தாலே எனக்குத் தலை சுற்றும்” என்பீர்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதித்தான் எண்சுவடி படித்தார். முந்திரி என்றால் 320-இல் ஒன்று, காணி என்றால் 80-இல் ஒன்று, வீசம் என்றால் 16-இல் ஒன்று. இவற்றை ஒன்றோடொன்று பெருக்கும் வாய்பாடு அவருக்கு மனப்பாடம். பரப்பளவுக்கென்றே குழிமாற்று என்று தனி வாய்பாடு வைத்திருந்தவர்கள் நம் ஆட்கள். அந்தத் தலைமுறையின் வாரிசு, அரை இன்ச்சை அடியாக மாற்றச் சொன்னால் கைபேசியைத் தேடுகிறார். திறமை எங்கும் போய்விடவில்லை. துருப்பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். தேய்த்தால் மின்னும்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி என்று சென்னையில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறோம். தரைக்குக் கணக்குத் தெரிந்தவருக்கு மணலுக்குத் தெரியாதா? தரையோடு கூட ஓர் உயரம். வேறு எந்த வித்தையும் இதில் இல்லை. மணல் வியாபாரத்தில் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. இந்த ஒரு வரியை மட்டும் நெற்றியில் எழுதிக்கொள்ளுங்கள். “லோடு” என்பது அளவு இல்லை. வண்டிக்கு வண்டி மாறும். “எத்தனை யூனிட்?” என்று கேளுங்கள். சில இடங்களில் டன் கணக்கில் சொல்வார்கள். உலர்ந்த மணல் யூனிட்டுக்கு ஏறக்குறைய நாலரை டன் வரும், ஈரத்தைப் பொறுத்து ஏறும் இறங்கும். கேட்கிற வாயை யாராலும் மூட முடியாது, நீங்களே மூடிக்கொண்டால் ஒழிய.

சரி, களத்தில் இறங்குவோம்.

தி.நகரில் பழைய அடுக்ககம் ஒன்றின் படுக்கையறை. நீளம் 12 அடி, அகலம் 10, உயரம் 10. சுவர்ப் பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. கொத்திவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அறையைச் சுற்றி ஒரு நடை நடந்தால் 44 அடி. உயரம் பத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவும் ஜன்னலும் சேர்ந்து சுமார் 40-ஐ எடுத்துக்கொள்ளும். மிச்சம் 400.

உள்பூச்சின் கனம் 12 மில்லிமீட்டர், மேஸ்திரி பாஷையில் அரை இன்ச். அடிக்குப் பன்னிரண்டு இன்ச் என்பதால் அரை இன்ச் என்பது ஓர் அடியில் 24-இல் ஒரு பங்கு. 400-ஐ 24-ஆல் வகுத்தால் 16.7 கன அடி. கொத்திய சுவரின் மேடு பள்ளம் குடிப்பது, செங்கல் இடுக்கில் போவது, கீழே சிந்துவது எல்லாவற்றுக்குமாக ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 20 கன அடிக் கலவை.

இந்த இடத்தில்தான் கணக்கில் கெட்டிக்காரர்களே சறுக்குவார்கள். 20 கன அடிக் கலவைக்கு 20 கன அடி உலர்ந்த சரக்குப் போதாது. மணலின் துகளுக்கும் துகளுக்கும் நடுவில் காற்று நிற்கிறது. சிமென்டும் தண்ணீரும் அந்த இடத்தில் போய் உட்கார்ந்ததும் மொத்தமும் சுருங்கிவிடும். அதனால் சாந்துக் கலவையை 1.33-ஆல் பெருக்கிக்கொள்வது கட்டடக்காரர்கள் வழக்கம். 26.6 ஆயிற்று. ஒன்றுக்கு ஐந்து கலவை என்றால் மொத்தம் ஆறு பங்கு, அதில் ஐந்து மணல். சுமார் 22 கன அடி. மிச்சம் நாலரை கன அடிக்குக் கொஞ்சம் குறைவாகச் சிமென்ட். 50 கிலோ மூட்டை ஒன்று ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி, ஆகவே நாலு மூட்டைக்குள் அடங்கும்.

இருபத்திரண்டு கன அடி! கால் யூனிட்டுக்கும் கீழே! இதற்கா “ஒரு லோடு”? அடுக்ககத்து வாசலில் அதைக் கொட்டி, பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டர் எடுக்க வழியில்லாமல் சண்டைக்கு வந்து, மழை பெய்து பாதி மணல் வடிகாலுக்குள் போய், மீதியில் தெருப் பிள்ளைகள் கோட்டை கட்டி... வேண்டாம். சிமென்ட் சாக்கில் கட்டிய மணல் மூட்டையாகவே கிடைக்கிறது. சாக்குக்கு ஒன்றேகால் கன அடி என்றால் பதினெட்டு மூட்டை. குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் வந்து இறங்கும், லிஃப்டுக்குப் பக்கத்தில் அடுக்கிவிடலாம். சாக்கில் உண்மையிலேயே எவ்வளவு இருக்கிறது என்பதை ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள். வெட்கப்படாதீர்கள். காசு கொடுப்பவர் நீங்கள்.

நான்கு பெருக்கல், இரண்டு வகுத்தல். இவ்வளவுதான் அந்தப் பூதம்.

மேல்தளத்தின் அடிப்பக்கம் பூச வேண்டுமென்றால் கனம் குறைவு, மணலின் பங்கும் குறைவு. வெளிச்சுவர் என்றால் கனம் 20 மில்லிமீட்டர் வரை போகும். காம்பவுண்டுச் சுவர் கட்டுகிறீர்களா? ஒன்பது இன்ச் செங்கல் சுவரில் மொத்தப் பருமனில் நாலில் ஒரு பங்கிலிருந்து பத்தில் மூன்று வரை சாந்துதான். வழி அதேதான். அளந்து, கனத்தால் பெருக்கி, சுருக்கத்துக்குக் கூட்டி, பங்கைப் பிரிக்க வேண்டும். எந்த வேலைக்கு எந்த மணல் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுவேலைக்கும் கான்கிரீட்டுக்கும் எம்-சாண்ட் எனும் கல்லை அரைத்த மணல், பூச்சுக்கு இன்னும் மெல்லிய பி-சாண்ட்.

ஆற்று மணல் எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையின் பழைய வீடுகள் பாலாற்றையும் கொசஸ்தலையாற்றையும் தின்று எழுந்தவை. 2017-இல் அரசு ஆற்று மணலுக்கு இணையத்தில் பதிவு முறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு மலேசியாவிலிருந்து கப்பலில் மணல் தூத்துக்குடிக்கு வந்து இறங்கியது, பின்னாலேயே வழக்கும் வந்தது. பாலாற்றங்கரையில் குடியிருக்கும் மாநிலத்துக்குக் கடல் தாண்டி மணல்! 2023-இல் எம்-சாண்டுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டார்கள். ஆற்றுக்குப் பதில் இப்போது கருங்கல் மலை அரைபடுகிறது. நீங்கள் தேவையில்லாமல் சொல்லும் அரை யூனிட், எங்கோ ஒரு மலையிலிருந்து பெயர்த்ததுதான். “பெசன்ட் நகரில் கைக்கெட்டும் தூரத்தில் கடற்கரை முழுக்க மணல் கிடக்கிறதே” என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அதைத் தொடாதீர்கள். சட்டம் ஒருபக்கம், உப்பு மறுபக்கம். கடல் மணலில் உள்ள குளோரைடு கம்பியை அரிக்கும், பூச்சில் உப்புப் பூக்கும்.

இப்போது கொஞ்சம் பெரிய கணக்கு. தென்சென்னைக்காரர்களின் தீராத வயிற்றெரிச்சல். வருஷா வருஷம் ரோட்டின் மேல் ரோடு போட்டு, வீடு பள்ளத்தில் போய்விட்டது. மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் வாசற்படி தாண்டி உள்ளே வருகிறது. 2021-இல் வெ. இறையன்பு தலைமைச் செயலாளராக இருந்தபோது, பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று அதிகாரிகளுக்குக் கடிதம் அனுப்பினார். தன்னம்பிக்கை நூல்கள் எழுதிய கை சாலையின் கனத்தைப் பற்றியும் எழுதியது எனக்குப் பிடித்த செய்தி. ஆனால் அதற்கு முன்பே பள்ளத்தில் போன வீட்டுக்கு என்ன செய்வது? தரையை உயர்த்தியாக வேண்டும்.

மயிலாப்பூரில் ஒரு கீழ்வீட்டுக் கூடம், 20 அடிக்கு 15 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 சதுர அடி. ஓர் அடி உயர்த்த வேண்டும். (முதலில் தலைக்கு மேல் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தரையை உயர்த்திவிட்டு மின்விசிறியில் தலையை இடித்துக்கொள்ளாதீர்கள்.) ஒன்பது இன்ச் நிரப்பு, அதன்மேல் மூன்று இன்ச் கான்கிரீட். ஓடு பதிக்கும் கனம் தனி, இங்கே விட்டுவிடுகிறேன். நிரப்பு என்பது 300 பெருக்கல் முக்கால் அடி, 225 கன அடி. கொட்டித் தண்ணீர் விட்டு இடித்தால் மணல் இறங்கும். அதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள், 270. ஆக இரண்டே முக்கால் யூனிட். இதற்கு விலை உயர்ந்த பூச்சு மணல் எதற்கு? சவுடு மண் போதுமா, கிரஷர் டஸ்ட் நல்லதா என்று கேளுங்கள். கேட்காதவருக்கு இருப்பதிலேயே விலை கூடினது வந்து சேரும்.

மேலே மூன்று இன்ச் கான்கிரீட். 300-ஐ நாலால் வகுத்தால் 75 கன அடி. கான்கிரீட்டுக்குச் சுருக்கம் இன்னும் அதிகம், 1.54-ஆல் பெருக்குவார்கள். 115 கன அடிக்குக் கொஞ்சம் மேலே. ஒன்று, நாலு, எட்டு என்று சிமென்ட், மணல், ஜல்லி. பதின்மூன்று பங்கில் நாலு மணல். முப்பத்தைந்தரை கன அடி. கூடத்தின் நடுவில் நின்று, நீங்களே, ஒரு பால் பாக்கெட் ரசீதின் முதுகில் போட்டு முடிக்கக்கூடிய கணக்கு இது!

தூணையும் உத்திரத்தையும் தொடுகிற வேலை என்றால் அங்கே இன்ஜினியர் சொல்வதுதான் சட்டம். 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர் தி.நகர். அப்படிப்பட்ட இடத்தில் அஸ்திவாரத்துக்கு அடியில் மணல் எத்தனை அடி நிரப்ப வேண்டும் என்பதை மண்ணைச் சோதித்தவர் சொல்லட்டும். தன்னம்பிக்கை என்றால் எல்லாம் தெரியும் என்று மார்தட்டுவது இல்லை. அவர் அடியைச் சொல்லட்டும். அடி தெரிந்துவிட்டால் யூனிட்டை நீங்கள் சொல்லுங்கள்.

அடுத்து வருவது லாரி. கணக்கு காகிதத்தில் இருக்கும் வரை எல்லோரும் புலிதான். இரவு பதினொரு மணிக்கு, பகலில் கனரக வண்டிக்குக் கட்டுப்பாடு என்பதால் ஊர் அடங்கிய பிறகு டிப்பர் வந்து நிற்கும்போதுதான் தெரியும் யார் யார் என்று. தெருநாய் குரைக்கும். பின்பக்க விளக்கு சிவப்பாக மினுங்கும். டிரைவர் அவசரத்தில் இருப்பார், இன்னும் இரண்டு நடை பாக்கி. “ரெண்டு யூனிட் சார், கொட்டிடவா?” கதவின் கொக்கியில் கை வைத்துவிடுவார்.

“இருங்க தம்பி. மட்டம் பண்ணுங்க. அளந்துக்கறேன்.”

இந்த ஒரு வரியைச் சொல்லத் தைரியம் வேண்டும். ஏன் தெரியுமா? தொட்டியின் நடுவில் மணல் கூம்பாக எழுந்து நிற்கும், நாலு மூலையும் பள்ளமாக இருக்கும். கீழே நின்று பார்க்கிற கண்ணுக்கு அந்தக் கூம்புதான் தெரியும், வண்டி வழிவது போல இருக்கும். மம்பட்டியால் நடுவிலிருந்து மூலைக்கு இழுத்துவிட்டால் சாயம் வெளுத்துவிடும். உள்பக்கத்து நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம், மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். தொட்டி உள்ளளவில் 12 அடிக்கு 7 அடி என்று வையுங்கள். பரப்பு 84. இரண்டு யூனிட் நிற்க வேண்டுமானால் மட்டமாக்கிய மணல் 2 அடி நாலரை இன்ச் உயரத்துக்கு இருக்க வேண்டும். ஓர் இன்ச் குறைந்தால் 7 கன அடி போச்சு. மூன்று இன்ச் குறைந்தால் நாம் மேலே போட்ட படுக்கையறைக்கு வேண்டிய மணல் ஏறக்குறைய முழுவதும் போச்சு! மூன்று இன்ச்! ஒரு விரல் நீளம்தான்!

கோபப்பட வேண்டாம். குரலை உயர்த்த வேண்டாம். டிரைவர் தம்பியும் கூலிக்கு ஓடுகிறவர்தான், சரக்கை ஏற்றியது வேறு யாரோ. எண்ணைச் சொல்லுங்கள். “உயரம் ரெண்டடி ரெண்டு இன்ச்தான் இருக்கு, ஒண்ணே முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல வருது. அதுக்குத்தான் பில் போடணும், உங்க ஓனருக்குப் போன் போடுங்க.” கத்துகிறவரைச் சமாளிக்க ஊரில் ஆயிரம் வழி இருக்கிறது. எண்ணைச் சொல்கிறவரைச் சமாளிக்க ஒரே வழி, திருப்பி அளப்பது.

“மேடம், வீட்ல சார் இல்லையா?” என்று சில பேர் கேட்பார்கள். தாயே, அந்த நொடியில் பின்வாங்காதீர்கள்! அரிசியை ஆழாக்கால் அளந்து, ஒரு பிடி கூடாமல் குறையாமல், பத்துப் பேர் வந்தாலும் இருபது பேர் வந்தாலும் பந்தி நடத்திய கை உங்கள் கை. அளவு என்பது உங்கள் வீட்டுச் சொத்து. “சார் இருக்கார், டேப்போட அந்த முனையைப் பிடிக்க வருவார்” என்று சொல்லுங்கள்.

நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது கொட்டிவிட்டுப் போய்விட்டார்களா? அப்போதும் விடாதீர்கள். குவியலும் பேசும். ஒரு கயிற்றால் குவியலின் அடியைச் சுற்றி அளவெடுங்கள். 36 அடி என்று வைப்போம். நட்ட நடுவில் உயரம் 4 அடி. 36-ஐ 36-ஆல் பெருக்கி, 4-ஆல் பெருக்கி, 38-ஆல் வகுத்தால் 136 கன அடி. பள்ளிக்கூடத்தில் படித்த கூம்பின் கன அளவுதான் இது, ஆரத்துக்குப் பதில் சுற்றளவை வைத்துச் சொல்கிறேன், அவ்வளவே. குவியல் கச்சிதமான கூம்பாக இராது, ஐந்து பத்து முன்பின் ஆகும். ஆனால் 200 கேட்ட இடத்தில் 136 இருந்தால் அது ஐந்து பத்து இல்லையே! எட்டாம் வகுப்பில் “இந்தக் கூம்பெல்லாம் வாழ்க்கையில் எதற்கு உதவப்போகிறது” என்று முணுமுணுத்தவர்களே, இதோ உங்கள் வாசலில் கிடக்கிறது.

இன்னும் ஒரு வித்தை பாக்கி. இதுதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. பல மேஸ்திரிகளுக்கே கை அறியும், வாய் சொல்லாது. ஈர மணல் உப்பும். துகளைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் ஏறி, ஒன்றை ஒன்று தள்ளிவிடும். எடையில் நாலைந்து சதவிகிதம் ஈரம் இருந்தாலே போதும், மெல்லிய மணல் கால் பங்கு, அதற்கு மேலும்கூட ஊதி நிற்கும். முழுக்கத் தண்ணீரில் மூழ்கிவிட்டால் படலம் கலைந்து மறுபடியும் பழைய அளவுக்கே இறங்கிவிடும். அதாவது நீங்கள் 100 கன அடிக்குக் காசு கொடுக்கிறீர்கள், உள்ளே இருப்பது 80.

சோதித்துப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். பக்கவாட்டு நேராக இருக்கும் ஒரு கண்ணாடி ஜாடி போதும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தால் எடுங்கள். வந்திறங்கிய மணலை அழுத்தாமல் முக்கால்வாசி போட்டு, மேலே சமன் செய்து, ஸ்கேல் வைத்து உயரத்தைக் குறியுங்கள். 15 சென்டிமீட்டர் என்று வைப்போம். மணலை ஒரு தட்டில் கொட்டிவிட்டு, ஜாடியில் பாதி தண்ணீர் விடுங்கள். மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போட்டு, ஒரு குச்சியால் கிண்டிக் கிண்டிக் காற்றை வெளியேற்றுங்கள். குமிழி எழும், தண்ணீர் கலங்கும். சற்றுப் பொறுத்து மேல்பரப்பை அளந்தால் 12 சென்டிமீட்டர். மூன்று இறங்கியிருக்கிறது. மூன்றைப் பன்னிரண்டால் வகுத்தால் கால் பங்கு உப்பல். இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1963-இல் வெளியிட்ட ஐ.எஸ். 2386 என்ற தர விதியின் மூன்றாம் பாகத்திலேயே இந்தக் களச் சோதனை இருக்கிறது. அதே ஜாடியைக் குலுக்கி மூன்று மணி நேரம் அசைக்காமல் வைத்தால், மணலின் தலையில் வண்டல் தனிப் பட்டையாகப் படியும். பட்டை தடிமனாக இருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

இந்த உப்பல் பணத்தோடு நிற்பதில்லை. ஒன்றுக்கு ஐந்து என்று ஈர மணலை அளந்து போட்டால், உண்மையில் விழுவது ஒன்றுக்கு நாலு. சிமென்ட் கூடிவிடும், செலவும் ஏறும், பூச்சில் மயிர் வெடிப்பும் விடும். அதனால் மேஸ்திரியிடம் சட்டிக் கணக்குப் பேசாதீர்கள். சட்டி ஆளுக்கு ஆள் குவியும், குறையும். 40 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 25 உயரத்தில் ஒரு பலகைப் பெட்டி அடிக்கச் சொல்லுங்கள். உள்ளளவு 35 லிட்டர், சரியாக ஒரு மூட்டை சிமென்டின் அளவு. அந்தப் பெட்டியால் ஐந்து மணல், உப்பலுக்குக் கூட்டி ஆறேகால். காலையில் முதல் கலவை போடும்போது பக்கத்தில் நின்று எண்ணுங்கள். மதியத்துக்கு மேல் நீங்கள் நிற்க வேண்டியதே இராது, சித்தாளே எண்ண ஆரம்பித்துவிடுவார்.

போன வருஷம்வரை “எனக்குத் தெரியாது” என்று சொன்ன வாய்தானே இது? இன்றைக்கு யூனிட் தெரியும், சுருக்கம் தெரியும், உப்பல் தெரியும், தொட்டியின் மூலை எங்கே பள்ளம் என்று தெரியும். இன்னும் என்ன தயக்கம்? மணலைக் கயிறாகத் திரிக்கச் சொன்னேனா? எழுந்திருங்கள்! டேப் மேசை டிராயரில்தான் இருக்கிறது. அதன் முனையை அறையின் மூலையில் ஒரு காலால் அமுக்கி நீட்டுங்கள். நீளம், அகலம், உயரம், கனம். எழுதுங்கள். பெருக்குங்கள். நாளைக் காலை டீயோடு அந்தத் தாளை மேஸ்திரியிடம் கொடுங்கள்.

அவர் ஏற இறங்கப் பார்ப்பார். இருபத்திரண்டு கன அடியா என்று கேட்பார். பிறகு தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டுபோய் வடக்குச் சுவரில் விடுவார். “இங்க பாருங்க சார், நடுவுல முக்கால் இன்ச் உள்ள போயிருக்கு, சுவர் வாங்கியிருக்கு. இந்த ஒரு சுவருக்கு மட்டும் கனம் கூடத்தான் பூசணும். இன்னும் நாலு மூட்டை மணல் சேத்துக்குங்க.” முப்பது வருஷமாகக் கரணை பிடித்த கண் அது. ஏன் நாலு, எந்த இடத்தில் எவ்வளவு கனம் என்று அவரையே டேப்பைப் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். சொல்வார், சந்தோஷமாகவே சொல்வார். பதினெட்டை அடித்துவிட்டு இருபத்திரண்டு மூட்டை என்று எழுதிக்கொண்டு கடைக்குப் போன் போடுங்கள்.